கழுவலார் மருந்து தெரிந்த கதை

மன்னார்த் தீவில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த எந்தத் தகப்பனும், கழுவலார் தன் பிலிம் சுருளுக்கு மருந்து பார்த்த அளவுக்கு விசாரித்திருக்கமாட்டான். இதை நான் பொறுப்போடுதான் எழுதுகிறேன்.

புதுப் பாலம் திறந்த மறுவருடம், மன்னார் நகரத்தில் ஒரு வாடகை வீட்டில் அவரும் நானும் இருந்தோம். இருவருக்கும் ஒரே கந்தோரில் வேலை. மீளக் குடியேறும் சனத்தின் காணி விண்ணப்பங்களைப் பகலெல்லாம் பார்ப்போம். பின்னேரத்தில் அவர் குளியலறையைப் பூட்டிக்கொண்டு கறுப்பு வெள்ளைப் படம் கழுவுவார். நான் வெளியே துவாயோடு நிற்பேன். கழுவலார் என்ற பெயர் அப்படி நின்ற ஒரு நாளில் என் வாயிலிருந்து வந்தது. மறுநாள் கந்தோர் முழுக்கப் பரவிவிட்டது.

ஊரே டிஜிட்டல் கமராவுக்கு மாறியிருந்த காலம். குளிர்ப்பெட்டியில் மீன் வைக்க இடமில்லை. எல்லாத் தட்டிலும் பழுப்புப் போத்தல்கள்.

"அண்ணை, இந்தப் போத்தலை எடுத்திட்டு ஒரு பாரை மீன் வைக்கட்டோ?"

"ஐசே, மீன் நாளைக்கும் கடலில இருக்கும். இது கொழும்பில இருந்து வந்தது."

படம் கழுவுகிற கரைசலை அவர் மருந்து என்பார். அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று நயமான மருந்து. படத்தில் மணி, அதாவது பொடிப் புள்ளி, தெரியாது, பட்டுப்போல வரும். ஆனால் பிலிமின் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்; இருட்டில் இருந்தது இருட்டிலேயே போய்விடும். மற்றது வேக மருந்து. இருட்டுக்குள் கிடப்பதையும் இழுத்துக்கொண்டு வரும், கூடவே கடற்கரை மணலையும் அள்ளிக்கொண்டு வரும். கழுவலார் நயமான மருந்துக் கட்சி. "மணி தெரியிற படம் அம்மை போட்ட முகம் மாதிரி" என்பார். வேக மருந்துப் போத்தலை முத்திரை உடைக்காமலே வைத்திருந்தார், எதிர்க்கட்சிக்காரனுக்கும் வீட்டில் ஒரு கதிரை போட்டுவைப்பதுபோல.

அந்த வருடம் முசலிப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் சனம் திரும்பி வந்து முதல் பூசை வைத்தார்கள். கத்தோலிக்கக் கோயிலுக்குக் கூரை பாதி, மின்சாரம் இல்லை. மெழுகுதிரியும் இரண்டு அரிக்கன் லாம்பும்தான். கழுவலார் குறைந்த வெளிச்சத்துக்கான வேகமான பிலிம் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் முழுச் சுருளையும் எடுத்து முடித்தார். பிலிமோ காலாவதியானது. திரும்பி வந்தபின் எந்த மருந்தில் கழுவுவது என்று தீர்மானிக்க முடியாமல் சுருளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வாரக்கணக்கில் அதே பேச்சு. சோற்றுக்கு முன் நயமான மருந்து, சோற்றுக்குப் பின் வேக மருந்து.

அப்போதுதான் மெற்றில்டா வந்தா. அந்தக் கிராமத்து மீனவப் பெண். நடக்க முடியாமல் பூசைக்குக் கதிரையோடு தூக்கிவரப்பட்ட சந்தியாப்பிள்ளை அவவின் தகப்பன். பூசை முடிந்த சில நாளில் மனுசன் கண்ணை மூடிவிட்டார். இடம்பெயர்ந்து ஓடியதில் வீட்டுப் படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். அடிக்க முகம் இல்லை.

"அண்ணை, நீங்கள் அப்பாவையும் எடுத்தனீங்களாம்."

கழுவலார் ஆறுதல் சொல்லவில்லை. விசாரணையைத் தொடங்கினார்.

"எங்க இருந்தவர்?"

"தூணடியில."

"லாம்பு எந்தப் பக்கம்?"

"இடப் பக்கம். தூண் மறைச்சது."

"வெள்ளைச் சேட்டோ?"

"ஓம். ஏன் அண்ணை, படம் வராதோ?"

"வரும். வடிவா வருமோ எண்டுதான் யோசிக்கிறன்."

"வடிவு ஆருக்கு வேணும்? அவற்ர கண் தெரிஞ்சாப் போதும்."

அவ போனபின் கழுவலார் அலுமாரியைத் திறந்து சுருளைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். பிறகு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐசே, வெள்ளைச் சேட்டு ஒண்டு போடும்."

அதே வயதுடைய இன்னொரு சுருள் அவரிடம் இருந்தது. யன்னல்களைப் போர்வையால் மூடி, அலுமாரியைத் தூணாக்கி, இடப் பக்கம் லாம்பு வைத்து, என்னைக் கதிரையில் இருத்தினார்.

"கொஞ்சம் வருத்தக்காரன் மாதிரி, நோயில கிடந்தவன் மாதிரி இரும்."

"அண்ணை, போர்வையெல்லாம் மூடி எனக்கு உண்மையாவே மூச்சு முட்டுது."

"அருமை. அசையாதையும்."

அந்தச் சுருளை இரண்டாக வெட்டி ஒவ்வொரு மருந்திலும் ஒரு துண்டைக் கழுவினார். நயமான மருந்தில் ஒரு வெள்ளைச் சேட்டு, தலையில்லாமல், கதிரையில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. வேக மருந்தில் நான் இருந்தேன், மணலில் புரட்டிய மீன்போல. ஆனால் கண் தெரிந்தது.

இனி உண்மைச் சுருள், வேக மருந்தில். ஒரே தடவை, தவறினால் தவறியதுதான். நகரத்துக் கிணறு உவர் என்று தன் ஊரான அடம்பனில் வீட்டுக் கிணற்றிலிருந்து பிளாஸ்டிக் கானில் தண்ணீர் கொண்டுவந்தார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாராம். "ஐயா, பிள்ளைக்கும் அரை ரிக்கற் எடுங்கோ" என்று கொண்டக்டர் சொன்னதை அவரே கோபத்தோடு வந்து சொன்னார். மன்னார் வெக்கைக்கு மருந்து சூடேறும் என்று மீன்வாடியில் ஐஸ் வாங்கி, பாத்திரத்தைச் சுற்றி அடுக்கினார். குளியலறை சூடை மீன் மணத்தது.

கதவுக்கு வெளியே நானும் மெற்றில்டாவும் நின்றோம். அவ செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தா. நான் சைவக்காரன், எனக்குத் தெரிந்ததை நான் முணுமுணுத்தேன்.

ஈரச் சுருளோடு கதவு திறந்தது. கழுவலார் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயோ, அப்பான்ர சேட்டு கறுத்துப்போச்சு!"

"நெகற்றிவ் அப்பிடித்தான் பிள்ளை. சேட்டை விடும். இஞ்ச பாரும், இது கண்."

அவ பார்த்தா. பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

அச்சகத்தில் கணினிக்கு முன் இருந்தவர் படத்தைப் பார்த்து, "ஐயா, முகமெல்லாம் புள்ளியாக் கிடக்கு, மெழுகி விடட்டோ?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"ஒரு மணியில கை வைச்சீர் எண்டா, நான் இந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன்!"

அட்டை அடித்து முடியும்வரை எழும்பவும் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு இருவரும் போனோம். பின்னால் நிற்கப் போன கழுவலாரை மெற்றில்டா கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடும்பத்தார் இருந்த முன்வரிசை வாங்கில், அந்த நீள மர இருக்கையில், இருத்தினா. தலைமன்னாரிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி, "இவர் ஆர், எங்கட ஆக்களோ?" என்று கேட்டது பின்வரிசை வரை கேட்டது.

"ஓம்" என்றா மெற்றில்டா.

வாயாடி மனுசன் குனிந்த தலை நிமிரவில்லை. பூசை முழுவதும் எல்லோரும் எழும்பும்போது அவர் பிந்தி எழும்பினார், இருக்கும்போது பிந்தி இருந்தார். பின்வரிசையிலிருந்து அந்த வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொந்தக்காரன் ஒருவனை முன்வாங்கில் இருத்தியதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.