பிள்ளைக்கு அளவான கதிரை

"டக்" என்று கதிரை வாரின் கொளுவி பூட்டிக்கொண்டதும் றிஸ்மினுக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதி அடுத்த நிமிடமே போய்விட்டது. பூட்டிய கொளுவி திறக்கவில்லை.

கத்தாரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவராத குறையாக அவன் கொண்டுவந்த கதிரை அது. காரில் குழந்தைகளை இருத்துவதற்கென்றே செய்தது. முந்தின நாள் பின்னேரம் வீட்டில் வந்திறங்கியவன், பெட்டிகளைக்கூடத் திறக்காமல் அதைத்தான் முன்கூடத்தின் நடுவில் வைத்து, மனைவி அஸ்னாவுக்கும் மாமிக்கும் பார்க்க வந்த அயலவர்களுக்கும் விளக்கம் சொன்னான்.

"ஏழு கிலோப் புள்ளைக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி. மடியில வெச்சுக்கொண்டு போற காலமெல்லாம் முடிஞ்சு போச்சு. உலகத்தில ஒருத்தரும் அப்பிடிப் போறதில்ல."

கதிரையைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். மகள் நிஸ்ரின் மட்டும் வாப்பாவைப் பார்த்து வீரிட்டாள். அவள் பிறந்தபோது அவன் தோஹாவில் இருந்தான். இந்த ஒன்பது மாதமும் அவளுக்கு அவன் கைபேசிக்குள்ளிருந்து கையசைக்கிற யாரோ ஒரு மனிதன். அவன் கிட்டப் போகப் போக மாமியின் தோளில் முகத்தைப் புதைத்து, மூச்சடைத்து அழுதாள். கடைசியில் அஸ்னா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அயலவர்கள் ஆளையாள் பார்க்காமல் தேத்தண்ணி குடித்தார்கள்.

"பழகிடும் மகன்" என்றார் மாமி. அழுகையைவிட அந்த ஆறுதல்தான் அவனை அதிகமாகச் சுட்டது.

அதனால்தான், காலையில் பிள்ளை முன்கூடத்துப் பாயில் தனியே இருந்து அவனுடைய செருப்பைச் சப்பிக்கொண்டிருந்ததைக் கண்டதும், ஆள் பார்க்காத நேரத்தில் பழகிவிடலாம் என்று நினைத்தான். குசினியில் கிரைண்டர் இரைந்துகொண்டிருந்தது.

"அஸ்னா! புள்ளயக் கதிரையில வெச்சுப் பாக்கிறன்!"

"ஓம், ஓம்!" என்று குரல் வந்தது. எதற்கு ஓம் என்பது கிரைண்டருக்குத்தான் வெளிச்சம்.

தூக்கினான். பிள்ளை அழவில்லை! அந்தச் சந்தோஷத்தில், தோளெலும்பு இறங்குகிற பாரத்தை அவன் பொருட்படுத்தவில்லை. கைபேசித் திரையில் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும். மச்சானிடம் இரவல் வாங்கிய காரின் பின்பக்கத்தில் கதிரை தயாராக இருந்தது. ஒரு தொடை உள்ளே போனால் மறு தொடை வெளியே வந்தது. இரண்டையும் அமர்த்தி, வயிற்றை எக்க வைத்து, மூச்சைப் பிடித்துப் பூட்டினான்.

இப்போது அந்த வயிறு கொளுவியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அமுக்கித் திறக்கிற பித்தான் அதற்கடியில் எங்கேயோ. பிள்ளை வாயைத் திறந்தது.

மாமியைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் வழி சொல்லுவார். ஆனால் நேற்றைய விளக்கத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவது? டவுனில் யாரிடமாவது கழற்றிக்கொள்ளலாம் என்று காரை எடுத்துவிட்டான். கைபேசி சார்ஜில் கிடந்தது என்பது பள்ளிவாசல்துறையைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

புத்தளம் டவுனில் பிள்ளைச் சாமான் கடை வைத்திருந்தவர் தாஹிர் ஹாஜியார். அழுகிற பிள்ளையைக் கதிரையோடு சேர்த்து மேசையில் வைத்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எத்தன மாசம் தம்பி?"

"ஒம்பது, ஹாஜியார்."

"மாஷா அல்லாஹ். பல்லு?"

"ரெண்டு."

ஹாஜியார் பிள்ளையின் வாயில் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து உதறினார். "யா அல்லாஹ்! ஆறு இருக்கு!"

"வெளிநாட்டில இருந்து நேத்துத்தான் வந்த..." என்றான் றிஸ்மின்.

கொளுவி ஹாஜியாருக்கும் மசியவில்லை. பக்கத்துக் கருவாட்டுக் கடை நிஸார் கத்தியோடு வந்தான். "அறுக்கவா?" என்று கேட்டபோது றிஸ்மின் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். கண்ணைத் திறந்தபோது பிள்ளை ஹாஜியாரின் கையில் இருந்தது. கத்தார்க் கதிரையோ வாரறுந்து, பஞ்சு பிதுங்கி, சீலாக் கருவாட்டு மணத்தோடு கிடந்தது.

"வேற கதிரை தரலாம்" என்றார் ஹாஜியார். "நிறை எவ்வளவு?"

"ஏழு கிலோ."

ஹாஜியார் பிள்ளையை ஒருமுறை ஏந்திப் பார்த்தார். பிறகு பிள்ளையோடு நிஸாரின் கடைக்கு நடந்தார். தராசுத் தட்டில் ஒரு புதுப் பேப்பரை விரித்துப் பிள்ளையை இருத்தினார்கள். கருவாடு வாங்க நின்றவர்கள் எல்லாம் கருவாட்டை விட்டுவிட்டுச் சுற்றிவந்தார்கள்.

"பதினொண்டு!" என்று ஏலம் கூறுகிற குரலில் கத்தினான் நிஸார்.

"வாப்பாக்குப் புள்ளட நிறை தெரியாதாமே" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ப்ளேனில ஏத்துற பேக்குட நிறை கேட்டுப் பாருங்க, கிராம் கணக்கில சொல்லுவாரு" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையும் தராசில் இருந்தபடி கைதட்டிச் சிரித்தது. றிஸ்மினும் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் ஒரு பக்கம் இழுபட்டது.

பெரிய கதிரை ஒன்றைக் காரில் பொருத்திப் பிள்ளையை இருத்தினார்கள். ஹாஜியார் குனிந்து வார்களைச் சரிபார்த்தார். "பேரென்ன?"

"நிஸ்ரின்."

"நிஸ்ரின்! மகள், இங்கால பாருங்க!"

பிள்ளை திரும்பவில்லை. வீதியில் போன த்ரீவீலரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நிஸ்ரின்!" என்று றிஸ்மின் கூப்பிட்டான். அதற்கும் இல்லை.

ஹாஜியாரின் நெற்றி சுருங்கியது. "காது..." என்று இழுத்துவிட்டு, மறைந்து நின்று கையைத் தட்டினார். பிள்ளை சட்டென்று திரும்பியது.

"காது நல்லாக் கேக்குது தம்பி. பேருதான் விளங்குதில்ல. வீட்டில வேற செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க போல. என்ன பேர்?"

றிஸ்மின் ஏற்கெனவே இறுகிய வாரை இன்னொருமுறை இறுக்கினான். "இருக்கு ஹாஜியார்... இப்ப நினைவுக்கு வருதில்ல."

ஹாஜியார் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கடைக்குள் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீதி களப்புக் கரையை ஒட்டி வருகிற இடத்தில் றிஸ்மின் காரை நிறுத்தினான். பின்சீட்டில் ஏறிப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தான்.

"வாப்பாவ மன்னிச்சிருங்க மகள்" என்றான். "உங்கட பல்லுத் தெரியா. நிறை தெரியா. வீட்டில என்ன பேர் சொல்லிக் கூப்பிடுற எண்டும் தெரியா. ஊருக்குக் கதிரை காட்டின எனக்கு உங்களத் தெரியா."

பிள்ளை அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு அவனுடைய மூக்கை ஐந்து விரலாலும் பிடித்து இழுத்து, "ப்பா" என்றது.

திரும்பிப் போகக் கையெழுத்திட்ட இரண்டு வருட ஒப்பந்தமும் சம்பள உயர்வுக்கு மேலதிகாரி தந்த வாக்குறுதியும் அந்த ஒரு சொல்லில் கரைந்து போயின. றிஸ்மின் விம்மி அழுதான். பிள்ளை அவன் கண்ணீரை மிகுந்த அக்கறையோடு தடவிச் சுவைபார்த்தது.

வீட்டு வாசல் படலையில் ஊரே கூடி நின்றது. முன்னால் அஸ்னாவும் மாமியும். அவர்களுக்குப் பக்கத்தில், அடுத்த வீட்டு மீனவர் பஸ்தியானின் மனைவி இசபெல், அவிழ்ந்த கொண்டையோடு. சொல்லாமல் போனதற்குச் சண்டை வரப்போகிறது என்று றிஸ்மினுக்கு விளங்கியது. வரட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். யாரும் வாய்திறக்க முன்னம் கையை உயர்த்தினான்.

"ஒருத்தரும் ஒண்டும் கதைக்க வேணாம்! பிழை என்டதான். பெத்த புள்ளயத் தெரியாத வாப்பா நான். டவுனே பாத்துச் சிரிச்சிச்சு. சிரிக்கட்டும். ஆனா இந்தப் புள்ள என்ன மன்னிச்சிட்டுது. நான் இனிக் கத்தாருக்குப் போக மாட்டன், அஸ்னா. உப்பளத்தில மூட்ட தூக்கினாலும் சரி, என்ட புள்ளயோடதான் இருப்பன்!"

பிள்ளை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்தது. அஸ்னா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவள் தோள்கள் குலுங்கின. மாமி வானத்தைப் பார்த்தார். வெட்கமெல்லாம் கழுவிவிட்டது போல றிஸ்மினின் நெஞ்சு இலேசானது.

இசபெல்தான் முதலில் அசைந்தாள். முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நல்ல முடிவு, றிஸ்மின் நானா. இப்ப, அஸ்னாட்ட பாக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போன என்ட மகனத் தாங்க. உங்கட மகள் உள்ளுக்கு இன்னும் நித்திரைதான்."