தீப்பெட்டி உயர ரொட்டி அடுப்பு

இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாளாயிற்று. நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால் கொத்தனாருக்கு மேசை வேண்டும். பிடித்து எழுந்தார். முழங்கை இடித்து, மேசை ஓரத்தில் இருந்த ரொட்டிக்கடை தரையில் விழுந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற கடை. பாலிமர் களிமண்ணில் மனைவி செய்தது. மிளகு அளவில் பன், அரிசி நீளத்தில் ரொட்டி, தீப்பெட்டி உயரத்தில் செங்கல் அடுப்பு. அடுப்புதான் நாலு துண்டாகிக் கிடந்தது. மாலையில் கண்காட்சி. அங்கே இடம் பிடிக்க மனைவி முன்னாலேயே போய்விட்டாள். கடையை எடுத்துப்போக ஐந்து மணிக்கு அவள் தம்பி வேனில் வருவான்.

"அம்மா மூணு வாரம் முதுகு ஒடியச் செஞ்சதுப்பா," என்றாள் மகள், கதவில் சாய்ந்தபடி.

"தெரியும். மணி என்ன?"

"பதினொண்ணு."

"போதும். முப்பது வருஷமா இடிஞ்சதைக் கட்டுறவன் நான். இதைக் கட்டலேன்னா இந்த வீட்ல எனக்குச் சோறு இருக்கும், பேச்சு இருக்காது."

பசை தடவினார். துண்டோடு துண்டு ஒட்டுமுன் விரலோடு ஒட்டியது. இழுத்ததில் புகைபோக்கி நொறுங்கியது. கொஞ்சம் தோலும் போயிற்று.

"புதுசாவே கட்டிடறேன்."

மனைவியின் டப்பாவைத் திறந்து களிமண்ணைப் பிசைந்தார். கெட்டியாக இருந்தது. கை பழக்கத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார்.

"அப்பா, அதுல தண்ணி சேராது."

"தண்ணி சேராத மண்ணெல்லாம் ஒரு மண்ணா?"

சேரவில்லை. சோப்பு மாதிரி வழுக்கிக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது.

தேடி எடுத்து, துடைத்து, பிளேடால் செங்கல் அறுத்தார். நூற்றுப் பன்னிரண்டு. ஊசியில் நூல் கட்டித் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். வளைவு இறங்காமலிருக்கத் தீக்குச்சி முட்டு கொடுத்தார். செங்கலுக்கு ஒன்றாக அவர் கட்டைவிரல் ரேகை.

"போலீஸ் தேடி அலைய வேண்டியதே இல்ல," என்றாள் மகள்.

கடையோடு சேர்த்து ஓவனில் இருபது நிமிஷம் சுட்டார். வெளியே எடுத்ததும், புதுக் கட்டடம் காய்ந்தால் வெடிக்குமே என்று ஈரச்சாக்கைப் போர்த்தினார். அரை மணி கழித்துச் சாக்கைத் தூக்கினால், மனைவி தடவியிருந்த பழுப்புப் பொடியெல்லாம் சாக்கில் இருந்தது. பன்கள் காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம்போல வெளுத்திருந்தன.

"ரொட்டி சிவக்கச் சூடு வேணும்," என்று பன்னையும் ரொட்டியையும் மட்டும் பெயர்த்து மறுபடி உள்ளே வைத்து, ஓவனின் குமிழைக் கடைசிவரை திருப்பினார்.

சிவக்கவில்லை. கருத்தது. பிளாஸ்டிக் கருகிய நாற்றத்தில் மகள் ஜன்னல்களைத் திறந்தாள்.

"விட்டுடுப்பா. விழுந்திருச்சுன்னு சொல்லிடு."

"சொல்லத்தான் போறேன். கட்டி முடிச்சிட்டுச் சொல்றேன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். சிமெண்டுச் சட்டி தூக்கிக் காய்த்த கை, அரிசி நீள ரொட்டியை உருட்டியது. பன்னிரண்டு ரொட்டியும் பன்னிரண்டு அளவு. நசுங்கியதைத் திரும்ப உருட்டினார்.

ஐந்து மணிக்கு வேன் நின்றது. மைத்துனன் உள்ளே வந்து கடையைக் குனிந்து பார்த்தான். ரொட்டிகள் எலிப்புழுக்கை மாதிரிதான் இருந்தன. அடுப்பு மட்டும் ஊதினாலும் அசையாமல் நேராக நின்றது.

"விழுந்திருச்சு மச்சான். நான்தான் இடிச்சேன். உங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ ஆட்டாம எடுத்துட்டுப் போ," என்றார் கொத்தனார்.

அவன் எடுக்கவில்லை. போனில் அடுப்பை மட்டும் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினான். பதில் வரும்வரை நின்றான். வந்ததும் படித்துவிட்டு வேன் சாவியை நீட்டினான்.

"கண்காட்சிப் பொம்மை விடியக்காலையிலயே போயாச்சு மாமா, இது உங்க கை பட்டு உடையட்டும், நீங்க கட்ட உக்காருவீங்கன்னு அக்கா ஓரத்துல வச்சிட்டுப் போன பழசு, வேன்ல நிஜச் செங்கல் இருக்கு, படத்தைப் பாத்து அக்கா சரின்னுட்டா, பதினோரு வருஷமா அவளுக்கு நீங்க கட்டித் தராத பெரிய ரொட்டி அடுப்பு பாக்கி."