விறகு கேட்டவளுக்கு மாடு கொடுத்த சங்கம்

பாளையங்கோட்டை,
1913 ஏப்ரல் 9

மகா கனம் பொருந்திய நேசையா அத்தான் அவர்கள் சமுகத்துக்கு, கருப்பட்டிக் கடை அப்பாத்துரை எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே யாவரும் சுகம். அக்காளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தாங்கள் காரியதரிசியாய் வீற்றிருக்கும் ஐக்கிய நாணய சங்கம் சுகமாயிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் என்று தாங்கள் ஊர் ஊராய்ச் சொன்னதை நம்பி, நாங்குநேரிக்குத் தெற்கே பனையேறி பெண்சாதி இசக்கியம்மாள் மாசியில் வந்து விறகுக்குப் பத்து ரூபாய் கேட்டாள். பதநீரை இறக்கின காலையிலேயே காய்ச்சாவிட்டால் புளித்துப்போகும் என்பது பனங்காட்டுக் கோழிக்கும் தெரியும். தாங்களோ, விறகு எரிந்தபின் சங்கம் சாம்பலையா ஜப்தி செய்யும் என்று கேட்டு, பதினைந்து ரூபாய்க்கு மாடு பிடித்துக் கொடுத்தீர்களாம். "அப்ப மாட்ட அடுப்புல வச்சா எரியுமாய்யா?" என்று அவள் கேட்டது சங்கப் புத்தகத்தில் ஏறவில்லை என்று கேள்வி.

அந்த மாடு ஒரு சொட்டுப் பால் கறக்கவில்லை, செம்மண் காட்டில் புல் ஏது, இவள் இரண்டு மைல் நடந்து புல் அறுத்துத் திரும்புமுன் பதநீர் புளிக்கிறது, புளிக்காத நாளில் மாடே பானைக்குள் தலையை விட்டுக் குடித்துவிட்டு ஜமீன்தார் போலப் படுத்துக்கொள்கிறது, புளித்ததை விற்றால் கள்ளென்று சர்க்கார் சேவகன் பிடிப்பான், கொட்டினால் பிள்ளைகள் பட்டினி, இந்த லட்சணத்தில் தவணை தவறிற்று என்று வருகிற சனிக்கிழமை அவள் காய்ச்சுகிற அண்டாவைத் தூக்க ஆள் வரும் என்று கடுதாசி விட்டிருக்கிறீர்கள், அண்டாவும் போனால் அவள் எதைக் காய்ச்சி எங்கே தவணை கட்டுவாளய்யா?

நான் வருஷாவருஷம் அவளுக்கு முன்பணம் கொடுத்து, நான் வைத்த விலைக்குக் கருப்பட்டி வாங்குகிறவன். அதைத் தர்மமென்று பிரசங்கம் பண்ணுவதில்லை. ஆனால் விறகு கேட்டவளுக்கு விறகுக்குத்தான் கொடுத்தேன். தங்களைப் போன்ற பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாய்ப்பாடு போதும். கடன் கொடுக்கிறவனுக்கு எந்த மாசம் எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியவேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அண்டாவை விடுங்கள். இல்லையேல் சங்கத்தை இழுத்துப் பூட்டுங்கள்.

சாரம்மாள் அக்காளுக்கு என் அன்பு. கர்த்தர் தங்களுக்குத் தீர்க்காயுசும், கொஞ்சம் வியாபார புத்தியும் அருளுவாராக.

தங்கள் மைத்துனன்,
அப்பாத்துரை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் இசக்கியம்மாளே கடைக்கு வந்தாள். மாடு சினையாம். சேரன்மகாதேவி விவசாயி ஒருவர் இருபத்தெட்டு ரூபாய்க்குப் பிடித்துப் போனாராம். சங்கக் கடனை இன்று காலை முழுக்கக் கட்டிவிட்டாள், மீதிக்கு விறகு. முன்பணத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று பெட்டியைத் திறந்தேன். "வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க துட்டு வாங்குனா நீங்க வச்சதுதான வெலை. சங்கத்துக்கு வட்டியக் குடுத்துட்டா வெலைய நான்லா சொல்லுவேன்" என்றாள். சொல்லவும் செய்தாள், மணங்கு கருப்பட்டிக்கு ஆறணா கூடுதல். கொடுத்தேன். இனிமேல் சங்கத்தைப் பூட்டச் சொன்னால் அது என் லாபத்துக்குச் சொன்னதாகும். ஆகையால் மேலே கண்டதைக் கிழித்துப் போடவும். அவளுடைய அடுத்த கடனுக்கு நானே ஜாமீன்.