பட்டன் அக்காவும் முப்பத்தொரு கீபோர்டும்

இந்த உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் ஒரே அறையில் குடியிருந்துவிடலாம். குறட்டை விடுகிறவர், அடுத்தவர் சோப்பை எடுத்துக் குளிக்கிறவர், விடியற்காலையில் ஸ்வரம் பாடுகிறவர், யாராக இருந்தாலும் பழகிவிடும். பட்டன் அக்காவோடு மட்டும் முடியாது. இரண்டு வருஷம் இருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து, தம்பானூர் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேரப் போனேன். எனக்கென்று ஒதுக்கிய கட்டிலில் ஏற்கெனவே ஆறு பேர் படுத்திருந்தார்கள். ஆறும் பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகள். பழுத்த பல்லின் நிறம், ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம்.

"இத்திரி நேரம் நில்லு மக்கா. இப்பம்தான் தொடச்சுக் காயப் போட்டிருக்கேன்" என்றார், பக்கத்துக் கட்டிலில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த பெண்மணி.

அவர்தான் பட்டன் அக்கா. நாகர்கோவில்காரர், நாற்பது வயது, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். நிஜப் பெயர் ஹாஸ்டல் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. அழுத்தினால் சத்தம் போடும் எதுவானாலும் அவருக்கு வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் ஸ்பிரிங் வைத்த அந்தக் காலத்துக் கீபோர்டு, பழைய தொலைபேசியின் நம்பர் பலகை, லிஃப்டிலிருந்து கழற்றிய பட்டன் தகடு. கீபோர்டுகளுக்கு, கிடைத்த ஊரையே பெயராக வைத்திருந்தார். பேட்டை, நெடுமங்காடு, சாலை, பாப்பனங்கோடு. துறைமுகத்தில் ஏதோ ஆபீசில் கிடைத்த ஒன்று விழிஞ்ஞம். உப்புக்காற்றில் அதன் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து, எந்த எழுத்தை அமுக்கினாலும் முனகும்.

"கேட்டியா? சளி பிடிச்ச மாதிரி பேசுது பாரு" என்பார் அக்கா. நான் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பேன். மைக் திறந்திருக்கும். "யார் அங்கே இருமுவது?" என்று என் மேனேஜர் கேட்பார்.

அழுக்குப் பிடித்த எழுத்து மூடிகளைச் சுத்தம் செய்ய அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பல்செட் ஊறவைக்கும் மாத்திரை. அதை வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாலாவது தடவை போனபோது மருந்துக்கடைக்காரர் பரிவோடு கேட்டார்: "யாருக்கு மோளே, அம்மைக்கா?"

"அம்மாவுக்கு இல்ல."

அவர் என் வாயை உற்றுப் பார்த்தார். "இந்த வயசிலயா!" என்று சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் சிரித்ததே இல்லை.

ஊறவைத்த மூடிகளை வடிகட்ட அக்கா ஹாஸ்டல் சமையலறையிலிருந்து வடிதட்டை எடுத்தார். திருப்பி வைக்கும்போது சரியாக உதறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மதியம், சாம்பாரில் முருங்கைக்காய் என்று நினைத்து ஒரு பெண் எதையோ கடித்தாள். துப்பிப் பார்த்தால் 'எண்ட்' என்ற கீ.

மேட்ரன் டீச்சர் அதைக் கழுவி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். முப்பது கீபோர்டுகள் இருந்தன. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இது ஹாஸ்டலா, ஆக்கிரிக் கடையா?" பழைய இரும்புக் கடையைத்தான் அப்படிச் சொன்னார். "ஒராளுக்கு ரெண்டு பெட்டி. அதாக்கும் ரூல். ஞாயிறாழ்ச்சைக்குள்ள பாக்கி எல்லாம் போகணும். இல்லெங்கில் நீ போகணும். இதுல எழுதியிருக்கு பாரு, எண்ட்!"

இப்படி ஒரு கெடு விழுந்தால் மறுநாள் சனிக்கிழமை ஒரு மனுஷி என்ன செய்வார்? சாமான்களை ஒழிப்பார். பட்டன் அக்கா, "மனசுக்குச் செரியில்ல மக்கா, கல்லாறு வரைக்கும் போயி ஆத்துல காலை நனைச்சிட்டு வருவோமா?" என்றார். நானும் பாவம் பார்த்துக் கிளம்பினேன்.

பஸ் கல்லாறு வந்தது. நான் எழுந்தேன். அக்கா எழவில்லை. "இன்னும் கொஞ்சம் மேல" என்றார். அந்தக் கொஞ்சத்தில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பொன்முடியில் இறங்கியபோது என் காலை உணவு என்னிடம் இல்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில், காற்றில் அடிக்காமலிருக்கக் கதவுக்கு முட்டுக் கொடுத்து ஒரு பழைய கீபோர்டைப் போட்டிருக்கிறார்களாம்.

"நாளைக்கு இருக்கிறதையே தூக்கிப் போடணும். இன்னிக்குப் புதுசா ஒண்ணு வேணுமாக்கா?"

"நாளைக்குத்தானே" என்றார்.

ஆபீசில் கிளார்க் செல்லையா இருந்தார். அவர் காலடியில், கதவோடு ஒட்டி, முழுக்கச் சேறாக அது கிடந்தது. அக்கா மண்டியிட்டு ஒரே ஒரு எழுத்தை அழுத்தினார். டக் என்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிரசவ வார்டில்தான் அப்படி முகங்களைப் பார்க்கலாம்.

"அது தர முடியாது தாயி" என்றார் செல்லையா. "மலைக்காத்து. எடுத்தா கதவு அடிக்கும்."

அக்கா ஒரு கல்லைக் கொண்டு வந்தார். "உருளும்." இன்னொரு கல். "கால்ல இடிக்கும்." மூன்றாவது கல்லுக்குச் செல்லையா தலையை மட்டும் ஆட்டினார். அக்கா எழுந்து கதவையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பையிலிருந்து ஸ்குரூ டிரைவர் வந்தது. கீலைக் கழற்றினார், கொண்டியை நிமிர்த்தினார், சுவரில் ஒரு கொக்கி அடித்தார். இரண்டரை மணி நேரம். கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கடைசியில் கொக்கியில் மாட்டியதும் கதவு அசையாமல் நின்றது. செல்லையா இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு கீபோர்டைத் தன் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

பஸ் போய்விட்டது. மழை வந்துவிட்டது. தேயிலை மூட்டை ஏற்றிய ஜீப்பில் இறங்கினோம். கீபோர்டு என் மடியில். கேட்டால், "உன் மடிதான் நனையல" என்கிறார்.

"எதுக்குக்கா இந்தப் பாடு?" என்று கத்தினேன்.

"அமுக்கினா, அமுக்கினது கேட்டுச்சுன்னு அது சொல்லணும் மக்கா. இப்பம் எல்லாம் கண்ணாடி. தடவிக்கிட்டே இருக்கோம். அதுக்குக் கேட்டுச்சா, இல்லையான்னு ஆரு கண்டா?"

எனக்கிருந்த கோபத்தில் இதெல்லாம் காதில் ஏறவில்லை. "நாளைக்கே மேட்ரன்கிட்ட வேற ரூம் கேக்கப் போறேன்."

அக்கா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேளு மக்கா. நியாயந்தான்."

ஞாயிறு காலை நான் கண் விழித்தபோது அவர் தன் சேலைகளில் கீபோர்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். சாமான்களோடு சேர்த்துத் தன்னையும் ஒழித்துக்கொள்வதாக முடிவு. "கரமனையில ஒரு லைன் வீடு இருக்காம்" என்றார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே மேட்ரன் அறைக்கு நடந்தேன். வேறு அறை கேட்கத்தான் போனேன். சத்தியமாக.

"எந்தா?" என்றார் மேட்ரன்.

"டீச்சர், அதில பாதி என்னோடது" என்றது என் வாய்.

மேட்ரன் நம்பவில்லை. நேரே வந்து, தரையில் கிடந்தவற்றைக் காட்டினார். "எது உன்னோடது? சொல்லு."

"இது பேட்டை. இது நெடுமங்காடு, இதுக்கு ஸ்பேஸ் பார் கீச்சிடும். அது பாப்பனங்கோடு, 'எம்' மட்டும் ரெண்டு தடவை விழும். அந்தச் சளி பிடிச்சது விழிஞ்ஞம்." சொல்லச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. இதையெல்லாம் நான் எப்போது கற்றுக்கொண்டேன்?

பதினொன்றாவதில் மேட்ரன் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டுக்கும் பிராந்தா, பைத்தியமா! ஆளுக்கு ரெண்டு டிரங்குப் பெட்டி. மூடி அடையணும்." போய்விட்டார்.

பட்டன் அக்கா இடுக்கெல்லாம் இன்னும் சேறு இருந்த புதியதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "பொன்முடி என்னோடது. அதைக் கணக்குல சேர்க்காதே."

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். தனி வீடு, அமைதியான வீடு. வாரம் ஒருமுறை, நான் வேலையில் மூழ்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, அக்காவிடமிருந்து போன் வரும். ஹலோ கிடையாது. "இதைக் கேளு" என்று எதையாவது வைத்துத் தட்ட ஆரம்பித்துவிடுவார். "வேலை இருக்குக்கா, வைங்க" என்று ஒவ்வொரு தடவையும் எரிந்து விழுகிறேன்.

அவர் தட்டி முடிக்கும்வரை நானும் வைப்பதில்லை.