மாலக்கி போடாத தபால்

"கல்யாணச் சான்றிதழ் இல்லாம சீட்டு எழுத முடியாது மாலக்கி," என்றார் டாக்டர் ஹெஃபர்னன்.

"எங்க கல்யாணத்துக்கே நீங்க வந்திருந்தீங்களே டாக்டர்."

"வந்தேன்."

"மூணு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேன். அதுக்குச் சட்டத்துல இடமில்லை. ஆணுறைக்குச் சீட்டு வேணும்னா புருஷன் பொண்டாட்டிங்கறதுக்குப் பதிவு ஆபீஸ் சீல் வெச்ச காகிதம் வேணும். நாளைக்கு மருந்துக்கடைக்காரன் கேட்டா, நான் கறி சாப்பிட்டேன்னா சொல்றது?"

மாலக்கி டெவெனி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கில்காரன் ஊருக்கு இருபது வருஷமாக அவன்தான் தபால்காரன்.

அயர்லாந்தில் அந்தச் சட்டம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எடுத்துவிடலாமா என்று மூன்று தடவை ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். மூன்று தடவையும் ஜனங்கள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். விவாகரத்துக்கும் அதே கதைதான். வரவே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள், வரவே இல்லை. எல்லார் கையிலும் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையே போனில் வந்தது. சட்டம் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டன் வசம் இருக்கும் வடக்கில், நியூரி என்ற ஊரில், அதே சாமான் மளிகைக்கடையில் பற்பசைக்குப் பக்கத்தில் தொங்கும். மாலக்கியின் மனைவி நோரீனுக்கு அங்கே ஒரு அத்தை மகள் இருந்தாள். மாதாமாதம் ஒரு பிஸ்கட் டின் அனுப்புவாள். மேலே ஒரு வரிசை பிஸ்கட், கீழே சரக்கு. மாலக்கியே தன் பையில் சுமந்துவந்து தன் வீட்டுக் கதவைத் தட்டி, தன் பெண்டாட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பான். போன டிசம்பரில் சுங்கக்காரர்கள் பிஸ்கட்டின் இரண்டாவது வரிசையையும் பார்த்துவிட்டார்கள். அத்தோடு டின் நின்றது.

மூன்றாவது பிரசவத்தில் நோரீன் பிழைத்ததே பெரிய காரியம். இன்னொன்று தாங்காது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் காதோடு சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் டின் நின்ற அன்றைக்கே நோரீன் தலையணையை எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகள் மூவரின் அறைக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போகலாமா என்று மாலக்கி கேட்டபோது, அதெல்லாம் வேண்டாம், ஊர் பேசும், கொஞ்சம் பொறு என்றாள்.

ஏழு மாதம் பொறுத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாஸ்டனில் இருக்கும் தங்கை ஊனாவோடு போனில் பேசிக்கொண்டே இருந்தாள். "அந்த ஊர்ல என்ன இருக்கு உனக்கு, கிளம்பி வா" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் ஊனா. நோரீன் இப்போதெல்லாம் அதற்குச் சிரிப்பதில்லை என்று மாலக்கிக்குத் தோன்றியது. சீட்டு கிடைத்தால் பொட்டலம் கிடைக்கும், பொட்டலம் கிடைத்தால் தலையணை திரும்பி வரும், தலையணை வந்தால் அவள் எங்கும் போகமாட்டாள். இப்படி யோசித்துத்தான் அவளுக்குத் தெரியாமல் டாக்டரிடம் போனான்.

சான்றிதழ் கேட்டுப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிப்போட்டான். பத்தாம் நாள் பதில் வந்தது, அவன் பையிலேயே. வழியில் ஒரு பண்ணைக் கேட்டில் சாய்ந்துகொண்டு பிரித்தான்.

தாங்கள் குறிப்பிடும் திருமணம் எதுவும் இங்கே பதிவாகவில்லை என்று இருந்தது.

இரண்டாம் தடவை படிக்கும்போதே கோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஜூன் மாதம், கோயில் வாசல். எல்லாரும் கையெழுத்துப் போட்ட படிவத்தை, இப்போது காலமாகிவிட்ட பழைய பாதிரியார் ஓர் உறையில் போட்டு மாலக்கி கையில் கொடுத்தார். "நீயே தபால்காரன், உனக்கு எதுக்கு நான் ஸ்டாம்ப் ஒட்டணும்? ஒரு மாசத்துக்குள்ள ஆபீஸ்ல சேர்த்துடு. சேர்க்கலைன்னா சட்டப்படி கல்யாணமே நடக்கலைன்னு அர்த்தம்." எல்லாரும் சிரித்தார்கள். மாலக்கிதான் அதிகம் சிரித்தான். உறையைக் கோட்டின் உள்பையில் வைத்தான். அது வாடகைக் கோட்டு. திங்கட்கிழமை காலையில் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

'ஏரிக்கரையில் ஒற்றைக்கண் நாய் வைத்திருப்பவர்' என்று மட்டும் விலாசம் எழுதி வந்த கடிதத்தைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன். வாழ்க்கையில் ஒரே ஒரு கடிதம் தொலைத்திருக்கிறான்.

கேட்டில் சாய்ந்தபடியே கடிதத்தை மூன்றாம் தடவையும் படித்தான். மற்ற நாட்டுப் புருஷன்களுக்கு இருக்கும் பயம் அவனுக்கு இருந்ததே இல்லை. நோரீன் கோபத்தில் வாணலியை எறிந்த நாளில்கூட, எங்கே போய்விடப் போகிறாள், சட்டம் இருக்கிறது என்று நிம்மதியாக டீ குடித்தவன். இப்போது அந்தச் சட்டமே அவனைப் பார்த்து நீ யாரப்பா என்று கேட்டது. நாளைக்கு நோரீன் கிளம்பினால் அவளைத் தடுக்க இந்த நாட்டில் ஒரு காகிதம் கிடையாது. அவள் திருமதி டெவெனி இல்லை. வெறும் நோரீன். இது மட்டும் அவளுக்குத் தெரிந்தால்?

அன்றைக்கு மாட்டு டாக்டருக்கு வந்த கடிதம் கன்னியர் மடத்துக்குப் போனது. கன்னியர் மடத்துக்கு வந்தது மதுக்கடைக்குப் போனது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தபால் கொடுத்துக்கொண்டார்கள்.

முதலில் கோட்டுக் கடைக்குப் போனான். கடைக்காரர் போய்ச்சேர்ந்து அவர் மனைவி நடத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டு நாடகக் குழு ஒன்றுக்குப் போய் அங்கே கிழிந்தும் போயாகிவிட்டதாம். பைகளில் கிடைத்ததையெல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். இரண்டு ஜெபமாலை, ஒரு பொய்ப்பல், யாரோ பேசாமல் விட்ட ஒரு மாப்பிள்ளைத் தோழன் உரை.

"கல்யாணம் எதுவும் இல்லையே தம்பி," என்றாள்.

அங்கிருந்து புதுப் பாதிரியார் ஃபாதர் குயின்லனிடம் ஓடினான். இளம் வயது, நல்ல மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, மறுபடியும் கல்யாணம். அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெயரைப் படித்து, இவர்கள் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஊரைக் கேட்கவேண்டும். மூன்று பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கேட்பதை நினைத்து மாலக்கிக்கு வியர்த்தது. இன்னொன்று, தாமதப் பதிவுப் படிவம். கோயில் புத்தகத்தைப் பார்த்து ஃபாதர் சீல் போட்டுக் கொடுப்பார். கணவன் மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

"நோரீன் கையெழுத்தும் வேணுமா ஃபாதர்?"

"அவங்க கல்யாணம்தானே?"

படிவத்தை நிரப்பி, சீல் குத்தி, கையில் கொடுத்துவிட்டு ஃபாதர் தயங்கினார். "இன்னொரு விஷயம் மாலக்கி. இது பதியற வரைக்கும் ரெண்டு பேரும் தனித்தனி அறையில படுத்துக்கணும். நான் சொல்லித்தான் ஆகணும்."

"ஏழு மாசமா அப்படித்தான் ஃபாதர் படுக்கறோம்."

"நல்ல குடும்பம்," என்றார் ஃபாதர் குயின்லன், மனம் நெகிழ்ந்து.

படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாலக்கி வீட்டைச் சுற்றிச்சுற்றி வந்தான். கையெழுத்துக் கேட்டால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் தான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை என்று தெரிந்துகொள்வாள். தெரிந்துகொண்ட பிறகு எதற்குக் கையெழுத்துப் போடப்போகிறாள்?

ரோஜாப்பூ வாங்கிக்கொண்டு போனான். யார் செத்தது என்று கேட்டாள் நோரீன். யாருமில்லை, பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதே, கோயிலில் ஒரு சின்ன சடங்கு மாதிரி, கல்யாண உறுதிமொழியை மறுபடி சொல்லி, சும்மா ஒரு கையெழுத்தும் போட்டு, என்று இழுத்தான்.

நோரீன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு தடவை பண்ணதே போதும்," என்றாள். கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள், பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறை முகாமில் பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகப் பெற்றோர் சம்மதம் கேட்டு வந்த மூன்று தாளுக்கு அடியில் படிவத்தைச் செருகி நீட்டினான். பேனாவையும் திறந்து கொடுத்தான். மேஜையில் வை, படித்துப் பார்த்துத்தான் போடுவேன் என்றாள் அவள். தாள்களைப் பிடுங்கிக்கொண்டு, தேதி தப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினான். பிள்ளைகள் அந்த வாரம் நீச்சலுக்குப் போகவில்லை.

சரி, கையெழுத்து இல்லாவிட்டால் போகிறது, போக மனசு வராதபடி வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தான். பாத்திரம் தேய்த்தான். காலையில் பன்றிக்கறி பொரித்து, ரொட்டி சுட்டு, படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். நோரீன் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். தபால் முடித்து வந்ததும் அங்கே போய்த் தரையில் விழுந்த முடியைக் கூட்டினான். வெட்டிக்கொள்ள வந்தவர்களுக்கு டீ கொடுத்தான்.

அதுதான் பெரிய தப்பாகப் போனது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீலியா மோரன் கண்ணாடி வழியாகவே அவனைப் பின்தொடர்ந்தாள். அவன் முறத்தோடு வெளியே போனதும், வேண்டுமென்றே அவன் காதில் விழும்படி சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரும் ஒரே ஒரு வாரம் கூட்டினாரு நோரீன். அந்த வாரம்தான் ஸ்லைகோ ஊர்க்காரி ஒருத்தி சமாச்சாரம் வெளியில வந்துது."

மூன்று நாளில் ஊர் முழுக்க மாலக்கிக்கு ஒருத்தி இருந்தாள். டவுனில் இருக்கிறாள் என்றார்கள். கோட்டுக் கடைக்காரி என்றும் ஒரு பேச்சு.

நோரீன் நேராகவே கேட்டாள். "யாராவது இருக்காளா?"

"சத்தியமா இல்லை."

"அப்புறம் ஏன் பாத்திரம் தேய்க்கறே?"

அவன் கையிலிருந்த தட்டை இன்னொரு தடவை தேய்த்தான். அவள் தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். போனில் ஊனாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். சனிக்கிழமை தபால் கொடுத்துவிட்டு வந்தபோது, கட்டிலின் மேல் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. ஆகஸ்டில் ஊனா டிக்கெட் போட்டிருக்கிறாளாம், பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

"ரெண்டு வாரம்தான்," என்றாள் நோரீன்.

"நானும் வரேனே."

"நீ வந்துட்டா இங்க தபால் யார் குடுப்பா?"

பெட்டிக்குள் கம்பளிக் கோட்டு இருந்ததை மாலக்கி பார்த்தான். பாஸ்டனில் ஆகஸ்டில் எதற்குக் கம்பளிக் கோட்டு?

திங்கட்கிழமை தபால் வண்டியை டவுனுக்குத் திருப்பினான். பதிவு அலுவலகத்துக்கு எதிரில் நிறுத்தி, ஸ்டீரிங்கின் மேல் பழைய உறைகளை வைத்துக்கொண்டு நோரீனின் கையெழுத்தைப் போட்டுப் பழகினான். மாதாமாதம் பிஸ்கட் டின்னுக்கு அவள் போட்டுக் கொடுத்த கையெழுத்து. கண்ணை மூடினாலும் தெரியும். ஒன்பதாம் உறையில் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படிவத்தில் போட்டான்.

பதிவானால் போதும். ஒரு சீல் விழுந்துவிட்டால் அவள் பாஸ்டன் என்ன, நிலாவுக்குப் போனாலும் அவன் பெண்டாட்டிதான். பிள்ளைகளுக்கு அப்பா பெயர் இருக்கும். டாக்டர் சீட்டு எழுதுவார். தலையணை வரும். நினைக்க நினைக்க, கதவைத் திறந்துகொண்டு போகும்போது அழுகை வரும்போல இருந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மிஸஸ் ஃபால்வி என்ற வயதான குமாஸ்தா. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். படிவத்தை வாங்கிப் பெயரைப் படித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஃபாதரின் சீலைப் பார்த்தாள். மாலக்கியின் கையெழுத்தைப் பார்த்தாள். அடுத்த கையெழுத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீங்கதான் மாலக்கியா?"

"ஆமாம்மா."

"இது நோரீன் போட்டது இல்லை."

மாலக்கி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. கோட்டு, பிஸ்கட், டாக்டர், பாதிரியார், ஸ்லைகோக்காரி, கம்பளிக் கோட்டு எல்லாவற்றையும் வரிசை தப்பி ஒரே மூச்சில் கொட்டினான். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் மரியாதைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க," என்றான் கடைசியில். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. தன்னைக் கட்டிவெச்சிருக்கறது எதுவும் இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அன்னைக்கே போயிடுவா."

மிஸஸ் ஃபால்வி படிவத்தை நான்காக மடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

"பதினோரு வருஷமா ஒவ்வொரு ஜூன் மாசமும் இதே ஜன்னலுக்கு வந்து, என் கண்ணு முன்னால விசாரணைப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு, 'அது இன்னும் பதியலதானே'ன்னு கேக்கறாங்கப்பா உன் நோரீன், ஆமா, பதியலைன்னு சொன்னா, 'சரி, அப்போ அந்த ஆளோட இன்னும் ஒரு வருஷம் இருந்து பாக்கறேன்'னு சொல்லிட்டு நேரா வீட்டுக்குப் போறாங்க, போன மாசமும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க."