வடைப் பொட்டலத்தில் வந்த போர்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
3-ஆம் தேதி, காலை

மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காகப் பணிபுரியும் என் அன்புள்ள மாப்பிள்ளை அனஸ் அவர்களுக்கு, உங்கள் மாமனார் உசேன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே நானும், உங்கள் மனைவி சலீமாவும், உங்கள் மகள் மஹீராவும், எதிர்வீட்டு அன்னக்கிளியம்மாளும், அவர் வளர்க்கும் ஆடும் நலம். ஆட்டை எதற்குச் சேர்த்தேன் என்றால், ஆடு என்று எழுத எனக்கு மிகவும் நன்றாக வரும். அங்கே நீங்களும் உங்கள் அறையில் இருப்பவர்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். சொந்தக் கை என்பதை மறுபடி சொல்கிறேன். எழுபத்தொரு வயதில் இது என் முதல் கடிதம். கோணலாகப் போகும் வரிகளை நீங்கள் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மஹீரா உங்களுக்குப் போன் போட்டு, "அத்தா, நீங்க பிளேன்ல வராதீங்க, அங்கயே இருங்க" என்று அழுதுவிட்டு வைத்துவிட்டாள். நீங்களும் என்ன ஏது என்று புரியாமல், குழந்தை இவ்வளவு அழுகிறதே என்று, இந்த மாத விடுமுறையைத் தள்ளிப்போடலாமா என்று சலீமாவைக் கேட்டீர்களாம். பதினான்கு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை தன் அத்தாவை வராதே என்று சொன்னால் அதற்கு யார் காரணம் என்று சலீமா விசாரித்தாள். தெருவே என்னைக் கை காட்டியது. மாப்பிள்ளை, தெரு சொன்னது சரிதான். காரணம் நான்தான். முழுவதையும் படித்துவிட்டு, நீங்கள் முன்பு சொன்னபடியே கிளம்பி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் சங்கு ஊதினவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாயால் அல்ல, சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்தினால் கூரையில் ஊதும். கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும், அதற்கு எழுத்து தேவைப்படவில்லை. போன வருஷம்தான் மஹீராவின் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். பகலில் மஹீராவுக்கு ஐந்தாம் வகுப்பு எடுக்கும் சந்திரகலா டீச்சரே சாயங்காலம் எங்களுக்கும் எடுக்கிறார். அதே பெஞ்சு, அதே பலகை. முட்டிதான் இடிக்கும். எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சொல்லாக வாயில் வந்து விழும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ் பலகையைப் படித்தேன். பூட்டிய கடையின் ஷட்டரைப் படித்தேன். மாத்திரை அட்டையைப் படித்ததில் மாத்திரை போட மறந்தேன். கடைசியில் ராஜாவின் டீக்கடைக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ராஜா வடையைப் பழைய பேப்பரில் மடித்துத் தருவார். நான் வடையை வாயில் போட்டுக்கொண்டு பேப்பரைப் பிரிப்பேன். சின்ன எழுத்து எனக்கு எறும்பு மாதிரி ஓடும், அதனால் பெரிய எழுத்தை மட்டும் படிப்பேன். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் மஹீராவும் அவள் கூட்டாளிகள் ஆறு பேரும் நம் வாசப்படியில் வடைக்காக வந்து உட்காருவார்கள். எனக்கும் சத்தம்போட்டுப் படிக்க ஆள் வேண்டும். முதல் நாள் கிடைத்தது என்ன தெரியுமா, 'கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை'. மாப்பிள்ளை, ஒரு வடை தின்று முடிக்கும் நேரம் ஆனது, ஆனால் ஒரு எழுத்தில்கூடத் தடுக்கவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள் 'அணு உலை அருகே குண்டுவீச்சு' கிடைத்தது. அதற்கடுத்த நாள் 'எல்லையில் பதற்றம், படைகள் குவிப்பு'. பிறகு 'போர் மூன்று மாதம் நீடிக்கும்', 'விமானங்கள் அனைத்தும் ரத்து'. ஒவ்வொன்றையும் வெற்றிகரமாகப் படித்து முடித்துச் சிரித்தேன். நான் சிரித்தது எழுத்தைப் பார்த்து. பிள்ளைகள் பார்த்ததோ, உலகம் எரிகிறது என்று சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டும் ஒரு கிழவனை. ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை, ஏன் யாரும் இப்போது கை தட்டுவதில்லை என்று.

அதற்குப் பிறகு வீட்டில் பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. டார்ச் லைட் இல்லை. மெழுகுவர்த்தி இல்லை. இட்லிப் பானையைத் தேடினால் அது கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நிரம்பி நிற்கிறது, பக்கத்தில் ஒன்பது சொம்பு, எல்லாவற்றிலும் தண்ணீர். ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டியிருந்தது. அன்னக்கிளியம்மாள் வந்து, "பாய், உங்க பேத்தி என் ஆட்டை உள்ள கட்டச் சொல்லுது, வெளிய இருந்தா ஆபத்தாம், அதுக்கு இன்னா ஆபத்து, பிரியாணியா" என்று கேட்டார். நானும் சிரித்தேன். சலீமா சிரிக்கவில்லை. "வடை தின்னா தின்னுட்டுப் போங்களேன் அத்தா, பேப்பரை இன்னாத்துக்கு மெல்றீங்க" என்றாள். படித்த பெண், தகப்பன் முன்னேறுவது பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம்தான் மஹீரா உங்களுக்குப் போன் செய்து அழுதது.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை வைத்தார்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்ததும் எல்லா வகுப்பும் வந்துவிட்டது, ஐந்தாம் வகுப்பைக் காணோம். பெரிய வாத்தியார் மூன்று முறை எண்ணியும் ஐந்தாம் வகுப்புக்குப் பூஜ்ஜியம்தான் வந்தது. சந்திரகலா டீச்சர் தேடிக்கொண்டு ஓடினால், மதிய உணவுக்கு அரிசி வைக்கும் அறையில், மூட்டைகளுக்கு நடுவில், இருபத்தெட்டுப் பிள்ளைகளும் தலையில் ஸ்கூல் பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் உங்கள் மகள், ஆளுக்கு அரை பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "மைதானம் திறந்த வெளி டீச்சர், மேலேருந்து தெரியும்" என்றாளாம். ஏன் அரை பிஸ்கட் என்று கேட்டதற்கு, "மூணு மாசம் தாங்கணும்" என்றாளாம். யார் சொன்னது என்று கேட்டதற்கு இருபத்தெட்டு வாயும் சேர்ந்து, "மஹீராவோட நன்னா பேப்பர்ல படிச்சாரு" என்றதாம்.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். டீச்சர் கூப்பிடுகிறார் என்றதும், வகுப்பில் முதல் மாணவன் என்று ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்து, பெருநாள் சட்டையும் புதுத் தொப்பியும் போட்டுக்கொண்டு போனேன். நான் படித்து முடித்த வடைப் பேப்பர்களை ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தேன், அந்தக் கட்டையும் எடுத்துப் போனேன்.

"உசேன் பாய், புள்ளைங்ககிட்ட இன்னா படிச்சீங்க" என்றார் டீச்சர்.

"எல்லாந்தான் டீச்சர். ஏவுகணையைத் தடுக்காம படிச்சேன்."

"எந்தப் பேப்பர்?"

"ராஜா கடைப் பேப்பர்."

"அது வடை மடிக்கிற பேப்பராச்சே பாய்." கட்டைப் பிரித்து, எண்ணெய் படாத மூலையாகத் தேடித் தேடிப் பார்த்தார். "இது ஆறு வருஷத்துக்கு முந்தினது. இது மஹீரா பொறக்கறதுக்கு முன்னாடி. இந்த விமானம் ரத்து, சண்டைக்கு இல்ல. கீழ படிங்க. மெட்ராஸ்ல மழை."

மாப்பிள்ளை, பேப்பரின் தலையில் எண்கள் இருப்பதை நான் பார்க்காமல் இல்லை. எண் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அதனால் அதைப் படிப்பதில் என்ன பெருமை என்று விட்டுவிட்டேன். எழுத்து தெரியாதவன் கையில் எல்லாப் பேப்பரும் ஒன்றுதான், அதற்கும் வயதாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வடை சூடாக இருந்தது, சேதியும் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் மஹீரா வந்து நின்றிருந்தாள். "அப்போ சண்டை எங்கயும் இல்லையா டீச்சர்" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லுங்கள் என்று நான் டீச்சருக்குத் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "இருக்கு மஹீரா. இன்னைக்கும் சில ஊர்ல நடக்குது. அங்க உன் வயசுப் புள்ளைங்களும் இருக்காங்க" என்றார். பிள்ளைக்கு ஆறுதல் சொல்லத்தான் பொய்யே இருக்கிறது என்று அன்றுவரை நினைத்திருந்தேன். மஹீரா அழவில்லை. உண்மையைச் சொல்கிற ஆள் கிடைத்துவிட்டார் என்பது மாதிரி கிட்டே போனாள். "எங்க அத்தா ஊர்லயா" என்றாள். "வா, பார்த்துடலாம்" என்றார் டீச்சர்.

அன்று வந்த பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, உலகப் படத்தைத் தரையில் விரித்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். நூலை எடுத்துச் சண்டை நடக்கும் ஊரிலிருந்து முத்தியால்பேட்டைக்குப் பிடித்துப் பார்த்தார்கள், மஸ்கட்டுக்குப் பிடித்துப் பார்த்தார்கள், சண்டை இரண்டு ஊரிலும் இல்லை. பிளேன் போகலாமா கூடாதா என்று பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஆபத்து என்றால் அவர்களே நிறுத்திவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னார். "நம்மளப் பார்த்துக்கறவங்க யாரு யாரு" என்று கேட்டதும் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், கதிர்காமம் ஆஸ்பத்திரி நர்ஸ், தீயணைப்பு வண்டி, கடலுக்குப் போகாதே என்று மைக்கில் சொல்கிறவர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு வாண்டு, "ஏவுகணை வழி தப்பி நம்ம தெருவுக்கு வந்துட்டா" என்றான். "டேய், நம்ம தெருவுக்கு வழி கேட்டு வர்ற ஆட்டோவே வந்து சேர மாட்டேங்குது" என்றேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அந்தப் பிள்ளைகள் சிரித்து நான் பார்த்தது.

மஹீரா மட்டும் என்னை விடவில்லை. "நன்னா, நீங்க ஊதின சங்கு எத்தனை தடவை நெஜமா ஆபத்துக்கு ஊதுச்சி" என்று கேட்டாள். "ஒரே தடவை. கேன்டீன்ல டீ வடிகட்டுற துணி பத்திக்கிச்சி. முந்நூறு பேரும் கம்பெனி கேட்டாண்ட போய் வரிசையா நின்னோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல, டீதான் கெடைக்கல" என்றேன். "அப்போ சங்கு பயமுறுத்தறதுக்கு இல்ல, எங்க போய் நிக்கணும்னு சொல்றதுக்கு" என்றாள். முப்பத்தொரு வருஷம் ஊதின எனக்கு இது தோன்றவில்லை. மறுநாள் மணி அடித்தபோது ஐந்தாம் வகுப்புதான் முதலில் மைதானத்துக்கு வந்ததாம். பிஸ்கட்டையும் முழுசாகத் தின்று தீர்த்துவிட்டார்கள்.

எனக்கு இப்போது ஒரு சட்டம் போட்டிருக்கிறாள் உங்கள் மகள். வாயைத் திறக்கும் முன் தேதியைப் பார்க்க வேண்டும், எந்த ஊர் என்று பார்க்க வேண்டும், கீழே இருக்கும் சின்ன எழுத்தையும் முழுக்கப் படிக்க வேண்டும். கஷ்டம்தான், ஒரு சேதிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன் மாப்பிள்ளை. குண்டு போடுகிறவர்கள் எப்போதும் பெரிய எழுத்தில் இருக்கிறார்கள். கட்டுப் போடுகிறவர்கள், கஞ்சி காய்ச்சுகிறவர்கள், பேசித் தீர்க்கலாம் என்று மேசை போட்டு உட்காருகிறவர்கள் எல்லாரும் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அவர்கள்தான் அதிகம். நான் இவ்வளவு நாள் அவர்களை எறும்பு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஆகவே, விடுமுறையைத் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்குப் போன் செய்து மஹீராவே சொல்லியிருப்பாள், ஆனால் தான் முதலில் அழுதது அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து கிளம்பி வாருங்கள். நீங்கள் வரும்வரை சலீமா எனக்குக் குழம்பை மட்டும் ஊற்றுகிறாள், மீனைப் போடுவதில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வெயிலில் தொப்பி போடவும். அறையில் இருக்கும் எல்லாருக்கும் இந்தக் கிழவனின் சலாம். இறைவன் உங்களைப் பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்,
உசேன் (இதுவும் என் சொந்தக் கை)

பின்குறிப்பு: 16-ஆம் தேதி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் எனக்கு வருகிறது, சில நாள் அரைப் பக்கம். இதற்குள் சலீமா போனில் இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டாளாம், என்னிடம் யாரும் சொல்லவில்லை. நேற்றுக் காலை நீங்களே வந்து இறங்கிவிட்டீர்கள். இப்போது நீங்கள் பக்கத்து அறையில் படுத்திருக்கிறீர்கள், உங்கள் வயிற்றின் மேல் மஹீராவின் கால் கிடக்கிறது. மதியம் என் தட்டில் இரண்டு துண்டு மீன் விழுந்தது. ஆனாலும் பதினான்கு நாள் எழுதியதை வீணாக்க மனமில்லாமல் இதைக் கையிலேயே தருகிறேன். தேதியைப் பார்த்துவிட்டுப் படிக்கவும். படித்த பிறகு பத்திரமாகப் பெட்டியில் வைக்கவும், பழைய பேப்பரோடு மட்டும் போட்டுவிடாதீர்கள். இது ராஜா கடைக்குப் போய்ச் சேர்ந்து, புதிதாகப் படிக்கக் கற்ற வேறு யாராவது ஒருவர் வடையோடு இதைப் பிரித்துச் சத்தம்போட்டுப் படித்தால், மஹீராவின் அத்தா இன்னும் வரவில்லை என்று தெருவே அழ ஆரம்பித்துவிடும்.