மாமியாருக்கு வாங்கிய தாடி ஓணான்

இந்த வருஷம் என் மாமியார் பர்வதத்தை சான்டா கிளாராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரவிடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். போன தடவை ஆறு மாசம் இருந்தார். என் டிவி ரூம் அவர் ரூமாகிவிட்டது. நான் கராஜில், வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தேன்.

அந்த அம்மாளுக்கு உலகத்தில் ஒரே பயம், பல்லி. தோளில் பல்லி விழுந்ததற்குப் பஞ்சாங்கத்தில் பலன் பார்த்து, தலைக்குக் குளித்து, கோயம்புத்தூரில் வீட்டையே மாற்றியவர். அதனால் மகள் வெண்பா பேரைச் சொல்லி, பெட் ஷாப்பிலிருந்து முழங்கை நீளத்துக்கு பியர்டட் டிராகன் என்ற தாடி வைத்த பல்லி ஒன்றை வாங்கி வந்தேன்.

மனைவி சாந்தாமணி கண்ணாடித் தொட்டியை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்னதுங்க இது?"

"ஆஸ்திரேலியாப் பாலைவனத்துப் பல்லி. உங்கம்மா பயப்படுவாங்களே, பாவம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாமா?"

"பல்லிக்கு இமை கிடையாதுங்களே. இது கண்ணை மூடி மூடித் தொறக்குது?"

"தூசி விழுந்திருக்கும்."

"பல்லி செவுத்துல ஏறும். இதுக்கு வெரல்ல ஒட்டுற மெத்தையே இல்ல, வெறும் நகந்தான். முக்கோணத் தலை, தாடியெல்லாம் முள்ளு, வெலாவுலயும் முள்ளு. கூகுள் பண்ணிப் பாத்துட்டனுங்க. இது ஓணான் குடும்பம். வாலைப் புடிச்சாக்கூடக் கழட்டி விட்டுட்டு ஓடாது."

"நீ எதுக்கு வாலைப் புடிச்ச?"

"அம்மாகிட்டயும் ஃபோன்ல சொல்லிட்டேன். ஓணானா, அது நம்ம வேலியில தெனம் பாக்கறதுதானேன்னு சிரிக்கறாங்க. இதுக்குப் பகலெல்லாம் சூடா லைட்டு எரியணுமாம். அம்மாவுக்கும் குளிரு ஆகாது. ரெண்டு பேரும் டிவி ரூம்லயே இருக்கட்டுமுங்க."

என் திட்டம் கவிழ்ந்தது. ஆனாலும் தொட்டியை விட்டு நகர மனசு வரவில்லை. சாந்தாமணி கிட்டே வந்தால் அது முன்னங்கை ஒன்றைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டுகிறது. நான் போனால் தாடி கறுத்து, தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது.

"என்ன சொல்லுது சாந்தா?"

"தலைய ஆட்டினா நாந்தான் இங்க பெரிய ஆளுன்னு அர்த்தமுங்க. கைய ஆட்டினா, அடங்கிப் போயிக்கறேன்னு அர்த்தம்."

சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் மாமியார் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்து, தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

என் வலது கை தானாக எழுந்து, மெதுவாக ஒரு வட்டம் போட்டது.